அக்கா கேட்கக்கூடாத கேள்வி

உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் என்ற நோய் எனக்கு வந்த நாளிலிருந்து, நான் பார்த்த ஒவ்வொரு மருத்துவரும் ஏதோ ஒரு கட்டத்தில் என் கருப்பையைப் பற்றி விசாரித்துவிடுவார். கடைசி மாதவிடாய் எப்போது, கருத்தடை என்ன, குழந்தை பெறும் எண்ணம் உண்டா, உண்டென்றால் எப்போது. மூட்டு வலி என்று போனாலும் இதே விசாரணை, கண் பரிசோதனைக்குப் போனாலும் இதே விசாரணை. நோயெதிர்ப்பை அடக்கும் மைக்கோபினோலேட் மருந்தை எழுதித் தரும் முன் கர்ப்பப் பரிசோதனை செய்து முடிவைக் காட்டச் சொன்னார்கள். அது கருவைக் கலைக்கக்கூடிய, கருவின் உறுப்புகளைக் குலைக்கக்கூடிய மருந்து; எனவே அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. ஆனாலும் எரிச்சல் வரும். முட்டி வீங்கி நடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவளிடம் அடுத்த வருடத்துக் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று தோன்றும். பிறகு மகளைப் பெற விரும்பிய காலத்தில்தான் அந்த விசாரணையின் அருமை தெரிந்தது. மைக்கோபினோலேட்டை நிறுத்தி, கர்ப்பத்திலும் எடுக்கக்கூடிய அசாதியோபிரின் என்ற மருந்துக்கு மாற்றினார்கள், நோய் ஆறு மாதமாவது அடங்கி இருக்கட்டும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததால் நடந்தது.

பிறகு தம்பிக்கும் அதே நோய் வந்தது. அவனிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை.

இது எனக்குள் அடங்காமலே கிடக்கிறது. ஒரே நோய், ஒரே மருத்துவமனை, ஏறக்குறைய அதே மருந்துகள். என்னிடம் சலிக்காமல் கேட்டவர்கள் அவனிடம் மௌனமானது ஏன்? தம்பி இதைப் படித்துவிட்டான். இரண்டு பத்திகளை நீக்கச் சொன்னான், நீக்கிவிட்டேன். எஞ்சியதை வெளியிட அவனுக்குச் சம்மதம். "விந்தணு என்ற சொல்லை அக்கா எத்தனை முறை எழுதியிருக்கிறாய்!" என்று மட்டும் முணுமுணுத்தான்.

லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். இந்த ஒரு கணக்கிலிருந்து நிறைய விபரீதங்கள் கிளைக்கின்றன. முதலாவது, ஆணுக்கு இது வரும் என்று யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை. தம்பியின் கன்னத்தில் படர்ந்த சிவப்பை வெயில் என்றார்கள். விரல் மூட்டு வலியை உடற்பயிற்சியின் விளைவு என்றார்கள். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போன பிறகுதான் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். அக்காவுக்கு லூபஸ் என்று அவன் வாய் தவறிச் சொன்னதுதான் அந்தப் பரிசோதனைக்கே காரணம். இரண்டாவது, ஆண்களுக்கு வரும்போது இது பெரும்பாலும் கடுமையாகவே வருகிறது. சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். ஆகவே கடுமையான மருந்துகளும் அவர்களுக்கு அதிகம் போகின்றன. மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. அந்தக் கடுமையான மருந்துகளில் ஒன்று விந்தணுவின் வேரையே அறுக்கக்கூடியது. அதைப் பெறும் வாய்ப்பு அதிகம் உள்ள ஆணிடம், பிள்ளை பெறுவது பற்றிப் பேசும் பழக்கம்தான் இந்த நோயைச் சுற்றி வளரவே இல்லை.

மூன்று நாள்

திசுப் பரிசோதனை முடிவு நான்காம் வகுப்பு என்று வந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் பாதிக்கு மேல் அழற்சி. சிறுநீரகம் கெடும்போது ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் மூன்று நாள் ரத்தக்குழாய் வழியாக அதிக அளவு ஸ்டீராய்டு, அதைத் தொடர்ந்து, விந்தணுவின் வேரை அறுக்கும் என்று சொன்னேனே, அந்தச் சைக்ளோபாஸ்பமைடு, மாதம் ஒரு முறை, பழைய அதிக அளவு முறைப்படி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 மில்லிகிராம் என ஆறு முறை, மொத்தம் 3 கிராமோடு முடியும் குறைந்த அளவு முறை ஒன்றும் இருக்கிறது. 2002 முதல் அது புழக்கத்தில் உண்டு. தம்பியின் சிறுநீரகம் விழும் வேகத்துக்கு அது போதாது என்றார் தலைமை மருத்துவர். மைக்கோபினோலேட் ஏன் கூடாது என்று கேட்டேன். அதற்கும் அதே பதில். அந்த முடிவோடு எனக்குச் சண்டையில்லை.

ஒப்புதல் படிவத்தை என் கையில் கொடுத்தார்கள். தம்பிக்குக் காய்ச்சல், எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன என்றான். படித்துக் காட்டினேன். முடி கொட்டலாம். குமட்டல் வரலாம். வெள்ளணுக்கள் குறைந்து தொற்று ஏற்படலாம். சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு வரலாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இவற்றையெல்லாம் செவிலியர் ஏற்கெனவே விளக்கியிருந்தார். கடைசிக்கு முந்தைய வரியில், "இனப்பெருக்கத் திறன் பாதிக்கப்படலாம்" என்று இருந்தது. அதை ஒருவரும் விளக்கவில்லை. நானும் அந்த வரியில் ஒரு கணம் நின்றுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். என் தம்பிக்கு நான் சோறு ஊட்டியிருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறேன். இதை எப்படிப் பேசுவது?

நடைபாதைக்கு வந்து நின்றேன். என்னிடம் இத்தனை வருடங்களாகக் கேட்கப்பட்ட கேள்விகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஆள் மாற்றி ஆள் கேட்டார்களே, அவர்களில் ஒருவர்கூட இந்த மூன்று நாட்களில் அவன் படுக்கைக்கு வந்து கேட்கவில்லையே என்று உறைத்தது. திரும்ப உள்ளே போனேன். அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். மருந்து வாங்கி வரச் சொல்லி அவரை அனுப்பினேன். தேவையில்லாத மருந்துதான்.

"உனக்குப் பின்னாளில் குழந்தை வேண்டும் என்று நினைப்பாயா?" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இப்போதா அக்கா பெண் பார்க்கப் போகிறாய்?"

பெண் பார்க்கவில்லை, இந்த மருந்து விந்தணுவை அழித்துவிடும், போடுவதற்கு முன் கொஞ்சம் எடுத்து உறைய வைக்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எதிர்ச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "இதை டாக்டர் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?" என்றான். அதுதான் விஷயம். அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் எனக்குக் கூச்சம் போய்விட்டது, கோபம் வந்துவிட்டது.

தலைமை மருத்துவரைத் தேடிப் போனேன். "முதலில் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவோம், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். நல்ல மனிதர், தம்பியின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியவரும் அவரேதான். ஆனால் அவர் சொன்ன வரிசையில் ஓட்டை இருக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு போட்ட பிறகு பார்ப்பதற்கு எதுவும் இல்லாமல் போகலாம். சிகிச்சைக்கு நடுவில் எடுத்து வைப்பதும் உதவாது, ஏனெனில் மருந்து படும் காலத்தில் உருவாகும் விந்தணுவின் மரபணுச் சரடு சேதமடைந்திருக்கக்கூடும். எடுப்பதென்றால் முதல் துளி இறங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். அருகில் நின்ற பயிற்சி மருத்துவர், வயதில் தம்பியை ஒத்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், ஸ்டீராய்டு இன்னும் முடியவில்லை. அதற்குள் செய்துவிடலாம். சிகிச்சை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது."

தள்ளிப்போகவும் இல்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை, ஒரு படிவம், ஒரு சிறு டப்பா, பூட்டக்கூடிய ஓர் அறை. கையில் ஊசிக் குழாயோடும் வீங்கிய கால்களோடும் காய்ச்சலோடும் ஓர் இளைஞன் அந்த அறைக்குள் போவதன் அவமானத்தைப் பற்றி எழுதியிருந்தேன். நீக்கச் சொன்ன பத்திகளில் ஒன்று அது. வழக்கமாக இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு விந்து எடுக்கச் சொல்வார்கள், அவசரத்தில் அதைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எண்ணிக்கை குறைவுதான். நோயின் நடுவில் எடுத்தது வேறெப்படி இருக்கும்? இருந்தாலும் நுண்ணோக்கியின் கீழ் ஒரு விந்தணுவைப் பிடித்து முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை 1992-இலேயே வந்துவிட்டதால், ஒரு முட்டைக்கு ஓர் உயிருள்ள அணு இருந்தால் போதும். குறைவு என்பதற்காக உறைய வைக்காமல் விட வேண்டியதில்லை என்று ஆய்வகப் பெண் சொன்னது எங்கள் இருவருக்கும் அன்று கிடைத்த ஒரே ஆறுதல். மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனுக்குள், அது பாட்டுக்கு இருக்கும். 20 ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்த விந்தணுவிலிருந்தும் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. 1953-லேயே உறைந்த விந்தணுவால் கருத்தரிக்க வைத்துக் காட்டிவிட்டார்கள். ஆக இது நேற்று வந்த வித்தை அல்ல. தொழில்நுட்பம் இல்லாததால் கேட்காமல் விட்டார்கள் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

விந்தகத்தின் இரண்டு வேலைகள்

கேட்காததற்குக் கூச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒரு குழப்பம் என்று இப்போது நினைக்கிறேன். ஆணின் வீரியமும் அவன் பிள்ளை பெறும் திறனும் ஒன்றே என்று உலகம் நம்புகிறது. தாடி வளர்கிறது, குரல் மாறவில்லை, ஆசை இருக்கிறது, உறவு கொள்ள முடிகிறது. அப்புறம் என்ன குறை? நோயாளியும் அப்படித்தான் நினைக்கிறார். அவரிடம் இதைப் பற்றிக் கேட்டாலே அவருடைய வீரியத்தைச் சந்தேகிப்பதாக எடுத்துக்கொள்கிறார்.

விந்தகத்துக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. விந்துக்குழல்களுக்குள் செர்டோலி செல்களின் அரவணைப்பில் விந்தணுக்கள் உருவாகின்றன. ஒரு மூலச் செல் முழு விந்தணுவாக மாறச் சுமார் 74 நாட்கள், அது முதிர்ந்து வெளியேற இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரம். சைக்ளோபாஸ்பமைடு வேகமாகப் பிரியும் செல்களின் மரபணுச் சரடுகளைக் குறுக்கே பிணைத்து அவற்றைக் கொல்கிறது. லூபஸில் வெறி பிடித்த நோயெதிர்ப்புச் செல்களை அடக்குவதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள். விந்தணுவை உருவாக்கும் செல்களும் அதே வேகத்தில் பிரிபவை என்பதால் அவையும் அடிபடுகின்றன. லேடிக் செல்கள் அவ்வளவு வேகமாகப் பிரிவதில்லை. எனவே அவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன. விளைவு: ஹார்மோன் சரியாக இருக்கும், ஆசை சரியாக இருக்கும், விந்தும் வழக்கம்போல வெளிவரும், ஆனால் அதில் ஓர் அணுகூட இருக்காது. கண்ணால் பார்த்தோ உடலால் உணர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பெண்ணுக்கு இதே மருந்து கருமுட்டைகளை அழித்தால் மாதவிடாய் நின்று காட்டிக்கொடுக்கும். ஆணுக்கு அப்படி ஒரு சமிக்ஞையும் கிடையாது.

எவ்வளவு அளவில் எவ்வளவு சேதம் என்பது உடலுக்கு உடல் மாறும். மொத்தமாக எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மூலச் செல்கள் சில பிழைத்திருந்தால் மாதங்கள் கழித்தோ வருடங்கள் கழித்தோ உற்பத்தி மீண்டும் தொடங்கலாம். ஒன்றும் பிழைக்கவில்லையென்றால் அவ்வளவுதான். 3 கிராம் முறையில் ஆபத்து குறைவு என்று சொல்லும்போது மருத்துவர்கள் நம்பிச் சாய்வது பெரும்பாலும் பெண்களின் கருமுட்டைக் கையிருப்பை அளந்து பெற்ற அனுபவத்தின் மேல். இந்த நோயில் ஆணுக்கு இரவல் வாழ்க்கை என்று தம்பி சொல்வான்.

இந்தக் குழப்பம் செய்யும் இன்னொரு கேட்டையும் சொல்ல வேண்டும். சிகிச்சை முடிந்த பின்னும் தம்பிக்குச் சோர்வு விடவில்லை. லூபஸில் சோர்வு தனி நோய்போலவே வந்து உட்காரும், எனக்கும் தெரியும். உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் ஒருவர், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் தெம்பு வரும், "அதற்கும்" நல்லது என்றாராம். கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், போதுமானது இருக்கிறது என்று மூளை முடிவு கட்டிவிடும். விந்தகத்தை ஏவும் ஹார்மோன்களை அது நிறுத்திக்கொள்ளும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். இந்த விளைவு எவ்வளவு உறுதியானது என்றால், உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து 1990-களில் முடிவுகளை வெளியிட்டது. சைக்ளோபாஸ்பமைடு போடும்போது கூடவே டெஸ்டோஸ்டிரோனும் கொடுத்தால் விந்தகம் ஓய்வெடுத்துத் தப்பிக்கும் என்று ஒரு காலத்தில் ஒரு யோசனை இருந்தது. அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2020-இல் வெளியிட்ட இனப்பெருக்க நல வழிகாட்டி அதற்கு எதிராகவே பரிந்துரைக்கிறது. விந்தணுவை முன்கூட்டியே உறைய வைப்பதைத்தான் அது ஆதரிக்கிறது.

மருந்தை மட்டும் குற்றம் சொன்னால் போதாது

நானும் முதலில் எல்லாப் பழியையும் சைக்ளோபாஸ்பமைடின் தலையில் சுமத்தத்தான் பார்த்தேன். நோயும் சும்மா இருப்பதில்லை. தீவிரமாக எரியும் காலத்தில் காய்ச்சலே விந்தணுவைக் குறைக்கும். விந்தகம் உடலைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும்; இன்று அடித்த காய்ச்சலின் விளைவு பல வாரங்கள் கழித்து விந்துப் பரிசோதனையில் தெரியும். சிறுநீரகம் செயலிழந்தால் ஹார்மோன்களின் ஒழுங்கு கெடும். நீண்ட காலம் அதிக அளவு ஸ்டீராய்டு எடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கலாம். லூபஸ் உள்ள சில ஆண்களின் ரத்தத்தில் விந்தணுவையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் காணப்படுகின்றன. உடல் தன்னையே பகையாகக் கருதும் நோயில் இது ஒன்றும் வியப்பில்லை. அவற்றால் நடைமுறையில் எவ்வளவு கெடுதல் என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. ரத்த அழுத்த மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் உறவில் சிக்கல் தரலாம். அதை மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள், ஆண்கள்தான் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் சுவாரஸ்யமாகப் பட்டது கிளைன்ஃபெல்டர் விஷயம். வழக்கமான ஒரு எக்ஸ், ஒரு ஒய் குரோமோசோமுக்குப் பதிலாக, கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு விந்தில் அணுக்கள் இருப்பதில்லை. பலருக்கு இது தெரிவதே குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போகும்போதுதான். லூபஸ் உள்ள ஆண்களிடையே இந்த நிலை பொது மக்களிடம் இருப்பதைவிடச் சுமார் 14 மடங்கு அதிகம் என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. நோயெதிர்ப்பைத் தூண்டும் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. எக்ஸ் இரட்டிப்பானால் அதன் வேகமும் கூடலாம். பெண்களுக்கு லூபஸ் அதிகம் வருவதற்கும் இதே திசையில்தான் விளக்கம் தேடுகிறார்கள். ஆக, லூபஸ் உள்ள ஓர் ஆணின் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் என்றால், மருந்து ஒரு துளி படும் முன்பே அது பூஜ்யமாக இருந்திருக்கவும் கூடும். சிகிச்சைக்கு முன் ஒரு பரிசோதனை இருந்தால்தான் பின்னால் எதையாவது ஒப்பிட முடியும்.

மறுபுறம், பயத்தின் மிகுதியால் நல்ல மருந்தை நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்று லூபஸை அடக்கி வைக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைத் தானே நிறுத்திக்கொண்டு, நோய் மீண்டும் கிளம்பி, படுக்கையில் விழுந்தார். நோய் கிளம்பினால் விந்தணுவும் போகும், அப்புறம் கடுமையான மருந்தும் வரும். அந்த 2020 வழிகாட்டி, தந்தையாக விரும்பும் ஆண் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் அசாதியோபிரினையும் தாராளமாகத் தொடரலாம் என்கிறது. மைக்கோபினோலேட்டையும் மெத்தோட்ரெக்ஸேட்டையும்கூட, இருக்கும் சான்றுகளின்படி, ஆண்கள் தொடரலாம் என்கிறது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள் இந்த இரண்டு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகப் பேசும், எனவே மருத்துவரிடம் பேசியே முடிவெடுக்க வேண்டும். சைக்ளோபாஸ்பமைடை மட்டும், கருத்தரிக்க முயல்வதற்கு 12 வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்கிறது. 74 நாட்களையும் இரண்டு வாரத்தையும் கூட்டிப் பாருங்கள், அந்த 12 எங்கிருந்து வந்தது என்று புரியும்.

தாயாக நான் பட்ட கவலை தந்தைக்கு இல்லை என்பதையும் தம்பிக்குச் சொன்னேன். பிறக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கும் லூபஸ் வகை ஒன்று உண்டு. அது தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து போவதால் வருவது. தந்தைக்கு லூபஸ் இருப்பதால் அது வராது. பின்னாளில் குழந்தைக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம்தான். ஆனால் லூபஸ் உள்ளவர்களின் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்ந்து வந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

பூஜ்யம்

சிகிச்சை முடிந்து அரை வருடம் ஓடிய பிறகு தம்பி விந்துப் பரிசோதனை செய்துகொண்டான். விந்தின் அளவு சரி. விந்தணு: பூஜ்யம். விந்தணு உற்பத்தியை ஏவும் எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன் உயர்ந்திருந்தது, உற்பத்தி நின்றுபோன விந்தகத்தை மூளை அதட்டிப் பார்க்கிறது என்று பொருள். டெஸ்டோஸ்டிரோன் இம்மி பிசகாமல் இருந்தது. தாளை என்னிடம் நீட்டிவிட்டு, "சேமித்து வைத்தது இருக்கிறது அல்லவா" என்றான். அவன் குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளை அவன் மடித்து வைத்த விதத்தில் நிதானம் இருந்தது. அந்த மூன்று நாட்களில் ஒருவரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதே தாள் அவனை என்ன செய்திருக்கும் என்று யோசிக்க நான் விரும்பவில்லை.

ஒரு பரிசோதனையை வைத்து ஆயுள் தீர்ப்பு எழுதக் கூடாது என்றார் ஆண் கருவுறுதல் நிபுணர். எண்களைப் படிக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், நகர்பவை 42 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம் என்பவை கீழ் எல்லைகள். இவை பிள்ளை பிறக்கும், பிறக்காது என்று பிரிக்கும் கோடு அல்ல. ஓராண்டுக்குள் இயல்பாகத் தந்தையான ஆண்களை வரிசைப்படுத்தினால் கடைசி 5 சதவீதத்தினர் தொடங்கும் இடம் அது, அவ்வளவே. அவர்களும் தந்தையானவர்கள்தான். நூறில் நான்குதான் இயல்பான வடிவமா என்று தம்பி அதிர்ந்து போனான். ஆரோக்கியமான ஆண்களிலேயே அதுதான் எல்லை என்றால் மனித இனம் எப்படிப் பெருகியது என்று அவன் கேட்டதற்கு நிபுணர் வாய்விட்டுச் சிரித்தார். சில மாதங்கள் கழித்து எடுத்த பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. அதற்கும் பின்னால் எடுத்ததில் ஒரு சில அணுக்கள், அவற்றில் சில நகர்ந்துகொண்டிருந்தன. மேலும் ஏறலாம், ஏறாமலும் போகலாம்.

என் மூட்டுவாத மருத்துவரிடம், அடுத்த முறை போனபோது, இதைக் கேட்டே விட்டேன். அவர் தன் சகாக்களுக்காக வாதாடினார். உயிருக்குப் போராடும் இருபது வயதுப் பையனிடம், அதுவும் பக்கத்தில் அம்மா இருக்கும்போது, இதை எப்படிக் கேட்பது என்றார். பத்தொன்பது வயதில் என்னிடம் கேட்டார்களே, பக்கத்தில் அப்பா இருந்தாரே என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. பெண்ணின் அந்தரங்கம் பொது விசாரணைக்கு உரியது, ஆணின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியது என்ற ஏற்பாடு இங்கே ஆணையே கவிழ்த்துவிட்டது. தம்பியைப் போன்றவர்களுக்குக் கிடைத்த மரியாதை, அவர்களிடம் கேட்காமலே அவர்களுடைய சந்ததியைப் பற்றி முடிவெடுக்கும் மரியாதை. எனக்கு அந்த மரியாதை வேண்டாம். என்னை எரிச்சலூட்டிய விசாரணையே மேல்.

தம்பி இப்போது குறைந்த அளவு ஸ்டீராய்டிலும் மைக்கோபினோலேட்டிலும் இருக்கிறான். கிரியாட்டினின் இறங்கிவிட்டது. விந்து வங்கிக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுகிறான், கட்டும்போதெல்லாம் ஒரு படிவத்தைப் புதுப்பிக்கிறான். நீங்கள் இறந்துவிட்டால் மாதிரியை என்ன செய்வது என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. அவன் என்ன குறித்தான் என்பது நீக்கப்பட்ட இரண்டாவது பத்தி. அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அவளுக்கு லூபஸ் பற்றித் தெரியும், மற்றது தெரியாது. பேச்சு தீவிரமாகும் முன் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்கிறான் அவன். முதலில் அவள் உன்னைத் தெரிந்துகொள்ளட்டும், பரிசோதனைத் தாளைப் பிறகு காட்டலாம் என்கிறேன் நான். நீ எனக்காகக் கேள்வி கேட்டதெல்லாம் போதும் அக்கா, பதிலையாவது நான் சொல்லிக்கொள்கிறேன் என்கிறான். இதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.